கடைசல் யந்திரத்தில் முகத்தட்டும் இணைப்புத் துண்டும் பொருத்தும் முறை

சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூரையும் மணலியையும் அடுத்து, கொசஸ்தலையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் எண்ணூர்க் கழியை நாடிச் செல்லும் தாழ்ந்த நிலப்பரப்பில் சடையங்குப்பம் என்னும் ஊர் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டில் இவ்வூர் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டதாயினும், கழியும் உப்பங்காற்றும் மாரிக்கால வெள்ளமும் இதனை விட்டு அகலவில்லை. இத்தகைய கடலோர ஊர்களில் பூவரசும் வேம்பும் வாகையும் எளிதில் கிடைப்பன. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆந் தேதி வர்தா புயல் சென்னையையும் சுற்றுப்புறங்களையும் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. இவ்வாறு சாயும் மரம் விறகானால் சில நாள் அடுப்பு எரியும்; அதையே கிண்ணமாகவும் தட்டமாகவும் கடைந்தால் ஒரு குடும்பத்துக்குச் சில வாரக் கூலி கிடைக்கும். ஆகவே தச்சுத் தொழிலாளர் சிலர் கூடி, சங்கத்தின் பொதுப் பணத்தில் ஒரு மரக் கடைசல் யந்திரம் வாங்க எண்ணுவது நல்ல எண்ணமே.

ஆனால் யந்திரம் வந்து சேர்ந்த பிறகுதான் ஒரு தொல்லை தலைகாட்டும். ஓர் அங்கத்தினர் காயலான் கடையில் வாங்கிய பழைய தட்டைக் கொண்டுவருவார். மற்றொருவர் புதிதாய் வந்த சக்கைக் கொண்டுவருவார். இரண்டும் யந்திரத்தில் ஏறா. ஏறாத தட்டை ஏற்றுவதற்கு இணைப்புத் துண்டு தேடுவார்கள். அத்துண்டு சரியாக அமையாவிடில் மரம் ஆடும், உளி சிக்கும், சில வேளை மரம் பிடுங்கிக்கொண்டு கடைபவரின் முகத்துக்கே வரும். சங்கத்தின் முதலும் தொழிலாளியின் கண்ணும் இச்சிறு இரும்புத் துண்டை நம்பியிருப்பதால், அதனைப் பற்றிய அறிவு ஒவ்வோர் அங்கத்தினருக்கும் அவசியம்.

பழைய முறையும் புதிய முறையும்

கடைசல் தொழில் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும், கர்நாடகத்துச் சன்னபட்டணத்துப் பொம்மைகளும் கடைசலில் பிறந்து அரக்குச் சாயம் பூசப்பட்டவையே. பழைய பட்டறையில் ஒருவர் கயிற்றை மாற்றி மாற்றி இழுக்க, அச்சு முன்னும் பின்னுமாகச் சுழலும். அத்தகைய அச்சில் மரையிட்ட தட்டைப் பூட்டினால், ஒரு பக்கச் சுழற்சியில் இறுகியது மறுபக்கச் சுழற்சியில் கழன்றுவிடும். ஆதலால் மரத்தை அச்சின் குழியில் அடித்து இறுக்கியோ, இரு முனைகளுக்கிடையே நிறுத்தியோ வேலை செய்தனர். சொப்பு, பம்பரம், கட்டில் கால் ஆகியவற்றுக்கு அது போதும்.

மின்சார மோட்டாரால் ஒரே திசையில் இடைவிடாது சுழலும் யந்திரம் வந்த பிறகே, அகன்ற பாத்திரங்களைக் கடைவதற்கு மரையிட்ட முகத்தட்டு ஏற்றதாயிற்று. உளியின் எதிர்ப்புத் தட்டைப் பின்னுக்குத் தள்ள முயல்கிறது. அம்முயற்சியே வலப்புரி மரையை மேலும் இறுக்குகிறது. சில யந்திரங்களில் அச்சின் இடது கோடியிலும் தட்டு மாட்டலாம். அங்கே சுழற்சி எதிர்முகமாகத் தோன்றுவதால் மரையும் இடப்புரியாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு கோடித் தட்டை மறுகோடியில் ஏற்ற முயலலாகாது.

உறுப்புகள்

இராட்டையில் நூலைச் சுற்றும் கதிர் எவ்வாறோ அவ்வாறே கடைசல் யந்திரத்தில் சுழலும் முக்கிய அச்சையும் கதிர் என்னலாம். பட்டறைகளில் இதற்கு ஸ்பிண்டில் என்று பெயர். தாங்கிக்கு வெளியே நீண்டிருக்கும் அதன் நுனி, கதிரின் மூக்கு. மூக்கில் மரை வெட்டியிருக்கும். மரை முடியுமிடத்தில் வழவழப்பான சிறு பகுதியும், அதனை அடுத்துச் சற்றே பருத்துச் செங்குத்தாக நிற்கும் முகமும் உண்டு. அம்முகமே தோள். முகத்தட்டு என்பது நடுவில் உள்மரையும், சுற்றிலும் திருகாணித் துளைகளும் உடைய வட்ட இரும்புத் தட்டு. இதனைப் பேஸ் பிளேட் என்பர். இணைப்புத் துண்டு என்பது ஒரு புறம் கதிருக்கேற்ற உள்மரையும், மறுபுறம் தட்டுக்கேற்ற வெளிமரையும் உடையது. பட்டறைப் பெயர் அடாப்டர்.

மரை வெவ்வேறாவதேன்?

இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-ஆம் ஆண்டில் ஒரு பொதுத் திட்டம் வகுக்கும்வரை ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போல் மரை வெட்டிவந்தது. அவர் மரையின் சரிவுகளுக்கிடையே 55 பாகைக் கோணம் வைத்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 பாகை வைத்தார். இக்காலத்து மில்லிமீட்டர் மரையும் 60 பாகையே. இந்தியாவில் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956-இல் வந்தது. ஆகவே பழைய கருவிகளில் அங்குல மரையும் புதியவற்றில் இரண்டும் காணப்படுகின்றன.

மரக் கடைசலில் சாதாரணமாக எதிர்ப்படும் மூக்கு அளவுகள் சில: முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 புரி, 1 அங்குலம், 8 புரி, 1¼ அங்குலம், 8 புரி, 30 மில்லிமீட்டர், புரியிடை 3.5, 33 மில்லிமீட்டர், புரியிடை 3.5.

இவற்றுள் கடைசியாகக் கூறிய 33 மில்லிமீட்டர்த் தட்டை 1¼ அங்குலக் கதிரில் ஏற்றிப் பார்ப்போர் ஏமாறக்கூடும். 1¼ அங்குலம் என்பது 31.75 மில்லிமீட்டர். தட்டு தளர்வாக இரண்டு மூன்று சுற்று ஏறும். பிறகு புரியிடை ஒவ்வாமையால் இறுகி நிற்கும். இறுகியதைக் கண்டு பொருந்திவிட்டதென்று எண்ணுவது பெரும் பிழை. அத்தட்டு தோளைத் தொடவேயில்லை; இரண்டு புரியின் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அளவெடுக்கும் விதம்

கதிரைப் பற்றி ஐந்து அளவுகள் குறித்துக்கொள்ள வேண்டும்: மரையின் வெளி விட்டம், புரிகளின் எண்ணிக்கை அல்லது புரியிடை, சரிவின் கோணம், தோளிலிருந்து நுனிவரை நீளம், வழவழப்பான பகுதியின் விட்டமும் நீளமும். வெர்னியர் காலிப்பர் கொண்டு விட்டத்தையும் நீளத்தையும் அளக்கலாம். புரியை எண்ண, மெல்லிய காகிதத்தை மரைமேல் வைத்து விரலால் அழுத்தினால் கோடுகள் பதியும். அங்குலக்கோலை வைத்து ஓர் அங்குலத்துக்குள் எத்தனை இடைவெளி என்று எண்ணுக. சரியாக 8 ஆனால் அங்குல மரை; ஏழேகால் ஆனால் 3.5 மில்லிமீட்டர் மரை. கோணத்தை அறிய, பற்களுள்ள மரை அளவுச் சீப்பு எந்த லேத் பட்டறையிலும் உண்டு. விட்டமும் புரியும் ஒத்திருந்து கோணம் 55-க்கு 60 என மாறியிருந்தால், தட்டு ஏறினாலும் சரிவுகள் முழுமையாகப் படியா.

தோளே நேர்மைக்கு ஆதாரம்

இப்பாடத்தில் மறக்கலாகாதது ஒன்று: மரை தட்டை இழுத்துப் பிடிக்கிறது, தட்டை நேராக நிறுத்துவது தோள். எந்த மரையிலும் சிறிது தளர்ச்சி இருந்தே தீரும். தட்டின் பின்முகம் தோளின்மேல் சுற்றிலும் ஒரே சீராக அமர்ந்தால்தான் ஆட்டம் நீங்கும்.

தோளின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்றும், அதன் ஓர் ஓரத்தில் 0.1 மில்லிமீட்டர்ப் பருமனுள்ள சிறாய்த்தூள், அதாவது ஒரு காகிதத்தின் கனமுள்ளது, சிக்கியிருக்கிறதென்றும் வைத்துக்கொள்ளலாம். 300 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டத்தின் விளிம்பில் அப்பிழை ஆறு மடங்காகி 0.6 மில்லிமீட்டர் ஆட்டமாகத் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் உளி விலகி விலகி மோதும். யந்திரத்தைக் குறை கூறுவோர் பலர் இத்தூளையே துடைக்காதவர்கள்.

தோளில் தட்டு அமராமைக்கு வேறு இரு காரணங்களும் உண்டு. ஒன்று, தட்டின் உள்மரை ஆழம் போதாமல் கதிரின் நுனி உள்ளே முட்டிக்கொள்ளுதல். மற்றொன்று, உள்மரையின் வாயில் மரையில்லாத சிறு அகற்சி விடாமையால், கதிரின் மரை முடியுமிடத்திலேயே இறுகிவிடுதல். இரண்டையும் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. மெல்லிய காகிதத்தை மூன்று கீற்றாக நறுக்கித் தோளின் மூன்று பக்கத்தில் வைத்துத் தட்டைத் திருகி இறுக்குக. மூன்று கீற்றுகளும் ஒன்றுபோல் பிடிபட்டிருந்தால் தட்டு அமர்ந்தது. ஒன்று நழுவி வந்தால் அப்பக்கம் இடைவெளி உண்டு. சோதனை முடிந்ததும் கீற்றுகளை எடுத்துவிட வேண்டும்.

இணைப்புத் துண்டு எப்போது தகும்?

இணைப்புத் துண்டு இன்றிப் பொருந்தும் தட்டே முதல் தரம். துண்டு ஒன்று நடுவில் சேர்ந்தால் தோள் இரண்டாகிறது; பிழைக்கும் இடம் இரண்டாகிறது. மேலும் துண்டின் நீளமளவு மரம் தாங்கியைவிட்டு வெளியே தள்ளப்படுவதால், பளு நெம்புகோல்போல் தாங்கியை அழுத்துகிறது. ஆகவே பெரிய தட்டங்களுக்குத் துண்டைத் தவிர்த்து, தட்டையே கதிருக்கேற்ப வெட்டுவித்தல் நலம். விலையுயர்ந்த சக்கு ஒன்று ஏற்கெனவே கையில் இருந்து, அதன் மரை வேறாயிருந்தால் துண்டு பயன்படும்.

கதிரின் உட்குழியில் செருகும் கூம்பு வகைத் துண்டும் உண்டு. மோர்ஸ் கூம்பு எனப்படும் அது ஏறக்குறைய இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் குறுகிச் செல்வது. அடித்துச் செருகினால் உராய்வினால் பிடித்துக்கொள்ளும். துளையிடும் வேலைக்கு அது போதும். பக்கவாட்டில் உளி தள்ளும் கிண்ண வேலைக்கு அப்பிடிப்பை மட்டும் நம்பலாகாது. கதிரின் பின்புறத்திலிருந்து இழுகம்பி ஒன்றைச் செலுத்தி அதனை இறுக்கிவைக்க வேண்டும்.

திருவொற்றியூர், மணலி, இராயபுரம் வட்டாரங்களில் இரும்பு கடையும் பட்டறைகள் உள்ளன. சென்னையில் இக்கலைக்கு நெடிய மரபு உண்டு. இராயபுரத்தில் முதல் இரயில் நிலையம் திறக்கப்பட்ட 1856-ஆம் ஆண்டிலேயே பெரம்பூர் இரயில் பட்டறையும் தொடங்கிற்று. அத்தகைய பட்டறையில் துண்டு செய்விக்கும்போது மூன்று நிபந்தனைகளைக் கூறிவிட வேண்டும். உள்மரையும், தோளில் அமரும் பின்முகமும் ஒரே பிடிப்பில், அதாவது துண்டைக் கழற்றாமலே, வெட்டப்படவேண்டும். பிறகு அத்துண்டை அதே மரையுள்ள நேரான அச்சில் ஏற்றி, வெளிமரையையும் முன் தோளையும் வெட்டவேண்டும். உள்மரை கதிரின் நீளத்தைவிடச் சற்று ஆழமாகவும், வாயில் அகற்சியுடனும் இருக்கவேண்டும். துண்டை இரு முறை வெவ்வேறாகப் பிடித்து வெட்டினால் இரு மரைகளின் மையமும் ஒன்றாகா. அதனைப் பின்னர் எவ்வாறு இறுக்கினும் ஆட்டம் போகாது.

பொருத்தும் ஒழுங்கு

1. மின்சாரத்தை அறவே நிறுத்துக. பொத்தானை மட்டுமன்று, செருகியையும் எடுத்துவிடுக.

2. கதிரின் மரையையும் தோளையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துணியால் துடைக்க. தட்டின் உள்மரையையும் அவ்வாறே செய்க. தோளில் அடிபட்ட மேடு இருந்தால் மெல்லிய அரத்தால் அம்மேட்டை மட்டும் நீக்குக.

3. உளித்தாங்கியின்மேல் ஒரு பென்சிலை அசையாமல் வைத்து, வெறும் கதிரைக் கையால் சுழற்றி ஆட்டம் பார்க்க. பிறகு இணைப்புத் துண்டை மட்டும் ஏற்றிப் பார்க்க. கடைசியாகத் தட்டை ஏற்றிப் பார்க்க. எந்தப் படியில் ஆட்டம் தோன்றுகிறதோ அப்பொருளிலேயே குற்றம் இருக்கிறது.

4. தட்டைக் கையாலேயே திருகுக. முதல் சுற்றிலிருந்து எளிதாக ஏறவேண்டும். சாவி வைத்துத் தள்ள வேண்டியிருந்தால் மரை வேறு என்று அறிந்து உடனே கழற்றுக.

5. தோளை அணுகியதும் சற்று விரைவாகச் சுழற்றி அமர்த்துக. அடித்து இறுக்குதல் கூடாது.

6. தட்டிலோ துண்டிலோ பக்கத் திருகாணி இருந்தால் அதனை இறுக்குக. எதிர்த்திசையில் சுழற்றித் தேய்க்க வசதியுள்ள யந்திரத்திலும், மின்சாரத் தடையால் திடீரென நிற்கும் யந்திரத்திலும் இது மிக முக்கியம். இல்லையேல் கனமான மரம் தன் வேகத்தாலேயே தட்டைக் கழற்றிக்கொண்டு வரும்.

மரத்தைத் தட்டில் பூட்டுதல்

மரத்தின் முகம் தட்டையாக இழைக்கப்பட்டிருக்க வேண்டும். மேடுபள்ளமான முகத்தில் இறுக்கினால் தட்டுக்கும் மரத்துக்கும் இடையே பாலம் விழும். திருகாணி குறைந்தது 20 மில்லிமீட்டர் மரத்துக்குள் செல்லவேண்டும். மரத்தின் வெட்டுத்தலையில் திருகாணி நன்றாய்ப் பிடியாதாதலால், நாரோட்டம் தட்டுக்கு இணையாக இருக்குமாறு துண்டை எடுக்க. சுவர்ப் பலகைக்குப் போடும் கறுப்புத் திருகாணி கடினமானதாயினும் முறியும் இயல்புடையது, அதனை விலக்குக. திருகாணி எவ்வளவு ஆழம் சென்றது என்பதை மரத்தின் பக்கத்தில் பென்சிலால் கோடிட்டுவைத்தால் உளி அதனைத் தொடாமல் காக்கலாம்.

பாத்திரத்தின் அடியில் துளை வேண்டாமெனில், தட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு மரத்துண்டை வைத்து, அதற்கும் பாத்திரத்துக்கும் இடையே செய்தித்தாளைப் பசையிட்டு ஒட்டிக் காயவிடுக. வேலை முடிந்தபின் உளியை அவ்விடத்தில் வைத்து மெல்லத் தட்டினால் காகிதம் பிளந்து பாத்திரம் தனியாகும். சிறிய வேலைகளுக்கும் மெதுவான சுழற்சிக்குமே இம்முறை உரியது.

வேகம்

மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிஷத்துக்குரிய சுற்றுகளால் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் இடையே வரவேண்டும் என்பது கடைசல்காரர்களிடையே வழங்கும் கணக்கு. 6 அங்குலக் கிண்ணத்துக்கு 1,000 முதல் 1,500 சுற்று. 12 அங்குலத் தட்டத்துக்கு 500 முதல் 750 சுற்று. உருண்டை வடிவம் பெறாத மரத்தை இதனினும் குறைவாகவே தொடங்குக. 12 அங்குலத் தட்டம் 600 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. கவனமின்றி 2,000 சுற்றில் வைத்தால் அதே விளிம்பு 115 கிலோமீட்டர் வேகம் அடைகிறது. யந்திரத்தை ஓடவிடும் கணத்தில் மரத்துக்கு நேரே எவரும் நிற்கலாகாது. முகக் கவசம் அணிக. தோளில் துண்டும், தொங்கும் வேட்டி நுனியும், கையுறையும் வேண்டா.

உப்புக் காற்றும் வெள்ளமும்

எண்ணூர்க் கழியோரத்தில் துடைத்துவைத்த இரும்பும் விரைவில் துருவேறும். துருவேறிய தோள் நேர்மை இழக்கும், மரை கரகரக்கும். வேலை முடிந்ததும் தட்டைக் கழற்றிவைத்து, கதிரின் மூக்கில் எண்ணெயோ தேன்மெழுகோ மெல்லப் பூசுக. தட்டைக் கதிரிலேயே பல நாள் விட்டுவைத்தால் ஒட்டிக்கொள்ளும். அலுமினியத் தட்டு எஃகுக் கதிரில் உப்பீரத்தோடு சேர்ந்தால் அரிப்பு அதிகமாதலின் இவ்விஷயத்தில் இரட்டைக் கவனம் வேண்டும். தட்டு எளிதில் கழல, தோளில் சீரான கனமுள்ள நைலான் வளையம் ஒன்றை இடுவதும் உண்டு. ஒட்டிய தட்டைச் சுத்தியால் அடித்தால் தாங்கிகள் கெடும். எண்ணெய் விட்டு ஊறவைத்து, நீண்ட மரக்கட்டையைத் தட்டில் பூட்டி நெம்புகோலாகக் கொண்டு திருப்புக. ஐப்பசி பிறக்குமுன் தட்டுகளையும் துண்டுகளையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, வெள்ளம் எட்டாத உயரத்தில் வைப்பது சடையங்குப்பம் போன்ற ஊர்களில் கட்டாயம்.

சங்கம் செய்யத்தக்கது

இக்கஷ்டங்கள் யாவும் தனித்தனியே வாங்குவதால் வருபவை. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் திருவள்ளூரை அடுத்த திரூரில் முதல் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது, பலருடைய சிறு தேவைகளை ஒன்றுசேர்ப்பதே அதன் பலமாயிருந்தது. கருவி விஷயத்திலும் அவ்வழியே சிறந்தது. சங்கம் தன் யந்திரத்தின் கதிர் மூக்கைப் போலவே எஃகில் ஒரு மாதிரி மூக்குச் செய்வித்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும். தட்டு வாங்கச் செல்பவர் அம்மாதிரியைக் கையில் கொண்டு செல்வார். அதில் ஏறித் தோளில் அமராத தட்டுக்குப் பணம் கொடுக்கமாட்டார். பட்டறைக்கும் யந்திரத்தைத் தூக்கிச் செல்ல வேண்டுவதில்லை. அதே மரையில் மற்றோர் எஃகுத் தண்டு கடைவித்து, அதில் நீளவாக்கில் மூன்று பள்ளங்கள் வெட்டினால், கெட்டியான மரப்பலகையில் உள்மரை வெட்டும் கருவியாகிவிடும். அதைக்கொண்டு அங்கத்தினர்களே சிறு வேலைக்கு வேண்டிய மர முகத்தட்டுகளைச் செய்துகொள்ளலாம். அவற்றைத் தம் யந்திரத்திலேயே ஏற்றி முகத்தைச் சீவி நேராக்க வேண்டும். ஆறு அங்குலத்துக்கு மேற்பட்ட மரத்துக்கு அவற்றைப் பயன்படுத்தலாகாது.

அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் கீழ்க்கண்ட வினாக்களுக்கு விடை கண்டு, காரியதரிசியைக் கொண்டு இருப்புப் புத்தகத்தில் பதிவு செய்தல் நலம்:

1. சங்க யந்திரத்தின் கதிருக்குரிய ஐந்து அளவுகள் எவை? அவை யந்திரத்தின்மேல் எழுதி ஒட்டப்பட்டுள்ளனவா?

2. இருக்கும் தட்டுகளுள் எவை நேரே பொருந்துகின்றன? எவற்றுக்கு இணைப்புத் துண்டு வேண்டும்? எவை அறவே விலக்கத்தக்கவை?

3. காகிதக் கீற்றுச் சோதனையில் ஒவ்வொரு தட்டும் தேறியதா? தேறாத தட்டைப் பிறர் எடுத்துப் பயன்படுத்தாதபடி சிவப்புச் சாயம் பூசப்பட்டதா?

4. மாதிரி மூக்கு யார் பொறுப்பில் இருக்கவேண்டும்?

இந்நான்கு விடைகளும் எழுதப்பட்ட சங்கத்தில், ஒருவர் விட்ட வேலையை மற்றொருவர் அச்சமின்றித் தொடரலாம். ஓர் அங்கத்தினர் வாங்கிய தட்டு எல்லாருக்கும் உதவும்.